அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கும் அது வந்தது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே வகுப்பு என்றார்கள். மஃரிபை ஒட்டிய அந்நேரந்தான் எங்கள் மக்தபுக்கும் உரியது. பிள்ளைகளைப் பறித்துக்கொள்கிறார்களே என்று மனம் கசந்ததை மறைப்பதற்கில்லை.

ஒருநாள் ஒரு தாய் மகனுடன் வந்தார். “ஹஜ்ரத், இவன் குர்ஆனை நன்றாக ஓதுகிறான். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால் விழிக்கிறான்” என்றார். என்னிடமே ஓதிய பையன்; தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. ஜமாஅத்தாருடன் கலந்து, மக்தபை ஃபஜ்ருக்குப் பின் மாற்றினோம். பனிக்காலத்தில் சிறு பிள்ளைகள் சிலர் வருவதில்லை. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது.

2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. வயதைப் பார்த்தே வரிசையில் அமர்த்திப் பழகிய நான், அம்முறையை மக்தபிலும் கையாளத் தொடங்கினேன். அந்தப் பையன் ஓதுவதில் மலர், தமிழில் அரும்பு.

“எப்போது ஹஜ்ரத் மொட்டாவேன்?” என்று வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தான்.