‘ஆம்’ என்றெழுத அச்சமென்ன?

வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள எமது வவுணதீவில் நாற்பது வயது கடந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். வலையிறவுப் பாலத்தில் அடையாள அட்டையைக் கையில் ஏந்தி வரிசையில் நின்ற நினைவு இல்லாதவர் அரியர். பிடித்துச் செல்வதும் பின் விட்டுவிடுவதும் யுத்த காலத்தில் சாதாரணம். அதைக் கைதென்று எவரும் கணக்கில் வைத்ததில்லை. வெளிநாட்டுப் படிவமொன்று வீட்டுக்கு வரும்போதுதான் கணக்குக் கேட்கப்படுகிறது.

எமது தமக்கையின் மகனுக்கும் அத்தகைய கணக்கொன்று உண்டு. 2007 டிசம்பர்த் தொடக்கத்தில், குண்டுவெடிப்புகளை அடுத்து, கொழும்பில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர் சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்டனர். பெரும்பாலோர் வழக்கெதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். அங்கே விடுதியொன்றில் தங்கியிருந்த இவனும், அப்போது இருபது வயது, பொலிஸ் நிலையமொன்றில் இரண்டு இரவுகள் இருந்து மீண்டான். தமக்கை தலையில் தண்ணீர் வார்த்துச் சோறிட்டார். அத்துடன் கதை முடிந்ததென்றே இருந்தோம்.

இப்போது அவன் மனைவி ரொறன்ரோவில் இருக்கிறாள். கணவனை அழைக்க நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். படிவத்தில், எப்போதாவது தடுத்துவைக்கப்பட்டீரா, சிறையிலிடப்பட்டீரா என்று ஒரு வினா. படிவம் நிரப்பித் தரும் ஒருவர், “பொலிஸ் நற்சான்றிதழ் சுத்தமாக வரும், ‘இல்லை’ என்று போடுங்கள், யார் அறிவார்?” என்றாராம். மருமகனுக்கும் அது இனித்தது.

“வழக்கே இல்லாததை நாமே ஏன் தோண்டிக் கொடுக்க வேண்டும், மாமா?” என்றான்.

அவன் அச்சம் வெறும் பேதைமையன்று. கனடா 2006இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பெனப் பட்டியலிட்டது. எம்மவர் ஒருவர் ‘பிடிபட்டேன்’ என்றெழுதினால், ‘எதற்காக?’ என்ற அடுத்த வினா எழலாம், கோப்பும் தாமதிக்கலாம். ஆயினும் குற்றஞ்சாட்டாது விடுவித்த கைது, அதுமட்டுமே, ஒருவரைத் தகுதியற்றவராக்குவதில்லை. மறைப்பதோ வேறு விடயம். அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கிய உண்மையை மறைத்தவருக்கு ஐந்தாண்டுத் தடை. அக்காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. போய்ச் சேர்ந்து பல்லாண்டு கழிந்தபின் வெளிப்பட்டாலும் பெற்ற வதிவிடம் பறிபோகக்கூடும். நற்சான்றிதழ் கூறுவது பதிவிலுள்ள குற்றத்தை. படிவம் கேட்பது தடுப்பில் இருந்ததை. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் எம்மவர் பலர் இடறுகின்றனர்.

பிடிபட்டவரெல்லாம் குற்றவாளியல்லர் என்பதற்கு எமது ஊரே சாட்சி. 2018 நவம்பர் 30இல் வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளி ஒருவர் கைதானார். அதைச் செய்தவர்கள் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடத்திய குழுவினர் என்று பின்னர் விசாரணையில் தெரியவர, 2019 மே மாதம் அவர் விடுவிக்கப்பட்டார். நாளை அவரிடம் ஒரு படிவம் இதே வினாவைக் கேட்டால், அவரும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். அதற்கு அவர் ஏன் நாண வேண்டும்?

மருமகன் ஒருவாறு இணங்கினான். என்று, எங்கே, எத்தனை நாள், என்ன கூறிப் பிடித்தார்கள், எவ்வாறு விட்டார்கள் என ஒரு பக்கத்தில் எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியும் முடித்தோம். திகதிதான் அவனுக்கு நிச்சயமில்லை. தமக்கை எழுந்து சென்று பெட்டியைத் திறந்தார். மகனைத் தேடிக் கொழும்புக்குப் போகக் காப்பை அடகுவைத்த சீட்டு, மீட்கப்படாமலே அதற்குள் கிடந்தது. அதன் பிரதியொன்றையும் இணைத்து அனுப்பினோம்.