சபைக்கு வர்றியா?

இன்னிக்கு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்ல நின்னு, சென்னை ஃப்ரெண்டுங்களுக்குக் குடவோலை கதை அளந்துட்டிருந்தேன்.

முதலாம் பராந்தகன் காலம்.
ஓலையில பேரு, ஓலை குடத்துல, சின்னப் பையன் ஒருத்தன் கைவிட்டு எடுப்பான்.
ஊர்ச் சபைக்கு ஆள் ரெடி!

பின்னாடி ஒரு குரல். எங்க தெரு ஆயா. கட்டைப்பையில ஜிப் வச்ச பைபிள், மேல கொத்தமல்லிக் கட்டு.

"எங்க சபைலயும் சீட்டு உண்டு கண்ணு. யூதாசு போன எடத்துக்கு சீட்டுப் போட்டுத்தான் மத்தியாவ எடுத்தாங்க."

வீட்டுக்கு வந்தப்பறம் எடுத்துப் பாத்தேன். அப்போஸ்தலர் முதல் அதிகாரம். நெஜந்தான்!

ஆனா அங்க கோயில்லயே ஆயா இன்னொண்ணு கேட்டுச்சு பாருங்க:
"அந்தக் குடத்துல எங்க தாத்தன், பூட்டன் பேரு இருந்திருக்குமா?"

கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு. இதெல்லாம் இருந்தாத்தான் ஓலையில பேரே வரும்.
நான் தூணப் பாத்தேன்.

ஆயாவுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. ஏன்னா, 1950 ஆணைப்படி கிறிஸ்தவங்க ஆயிட்டா பட்டியல் சாதியில எடமில்ல. சீக்கியர 1956ல சேத்தாங்க, பௌத்தர 1990ல. இவங்க இன்னும் வாசல்லதான்.

கிரேக்கத்துல சபைக்கு எக்ளேசியான்னு பேரு. கூப்பிட்டு வரவழைச்ச கூட்டம்.

"எங்க சபைக்கு நீ எப்ப வர்ற?"
"அடுத்த வாரம் ஆயா."
பத்து வருசமா இதே பதில். எனக்கே வெக்கமா இருக்கு.

ஆமா, உங்கள முதல்ல பேர் சொல்லி உள்ள கூப்பிட்ட எடம் எது?