கரையில் இருப்பவன் குறிப்பேடு

சித்திரை 6

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதோடு நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தையும் கைவிட்டிருந்த நான், மறுபடி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்திருப்பதற்குக் காரணம், தை மாதத்தில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு சைக்கிளோடும் புனேயிலிருந்து வந்து சேர்ந்த என் மகள், இன்றிரவு சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, வருகிற ஐப்பசியில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கவிருக்கும் பந்தயம் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டதாகச் சாவதானமாகத் தெரிவித்ததுதான். கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்திக் கரையேறி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பின் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டுமாம். அனைத்தையும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டுமாம். எது எந்த நாள் என்று கேட்டேன். "எல்லாம் ஒரே நாள்தாம்ப்பா" என்றாள். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி கேட்டா இதை?" என்றாள். நியாயமான கேள்விதான். பதில் வரவில்லை.

சித்திரை 9

பெட்டிகள் ஏன் வந்தன என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடும்பநல நீதிமன்றத்தின் உறை ஒன்று அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடக்கிறது.

சித்திரை 21

இந்த விபரீதத்தின் உற்பத்தி எங்கே என்று விசாரித்துப் படித்தேன். ஹவாயில் ஓட்டக்காரர், நீச்சல்காரர், சைக்கிள்காரர் ஆகிய மூவகையாரில் தேகவலிமை மிக்கவர் யார் என்று ஒரு விருந்தில் எழுந்த விவாதத்தை, ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, அவ்வூரில் தனித்தனியே நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத் தீர்த்துவைக்க முற்பட்டார். 1978 பெப்ரவரி 18ஆம் தேதி ஓவாஹூத் தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று. நம் ஊர்ப் பட்டிமன்றமானால் நடுவர் இரு தரப்பையும் புகழ்ந்து ஒரு தீர்ப்பைச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்திருப்பார்; அங்கே வழக்காடியவர்களே ஓடிக் காட்ட வேண்டியதாயிற்று.

என் மகள் எந்தத் தரப்புக்காக வழக்காடுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

வைகாசி 4

கத்திரி வெயில். அவள் ஓடினாள், நான் மின்விசிறிக்கு அடியில் களைத்தேன்.

வைகாசி 16

விடியுமுன் ஊரூர்க் குப்பத்துக் கரையில் இருந்தோம். நீச்சல் குளத்தில் அடித்தளத்தில் ஒரு கறுப்புக் கோடு உண்டு, அதைப் பார்த்தபடியே நேராகப் போய்விடலாம், கடலில் அப்படி எதுவும் இல்லாமையால் சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினாள். அவள் தெரிந்தெடுத்த அடையாளம் எலியட்ஸ் கடற்கரையிலுள்ள வெண்ணிற ஷ்மிட் மண்டபம். 1930ஆம் ஆண்டு இதே நீரில் தத்தளித்தவர்களைக் காக்கக் குதித்துத் தாமே மூழ்கிப்போன டேனிஷ் மாலுமி ஒருவரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது அது என்பதை நான் அறிவேன், அவளும் அறிவாள், இருவரும் அதைப் பிரஸ்தாபிக்கவில்லை.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதிய மீனவர், என் வயதினர், கேட்காமலேயே சொன்னார்: "தெண்டி வெள்ளம் ஓடுது வாத்தியாரே. பாப்பா தெக்கால எறங்கி வடக்க வரட்டும், அதுவே தள்ளிக்கினு வந்துடும். வடக்கேர்ந்து தெக்க போனா தண்ணியோட மல்லுக்கட்டணும்." நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்றே சொல்கிறார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. அவர் சொன்னதை அவள் மிக்க கவனத்தோடு கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ வடக்கேர்ந்தே போறேன், தாத்தா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் மகனுடைய ஃபைபர் படகு அவளுக்குத் துணையாகச் சென்றது. இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவையைத் தவிர வேறொன்றும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. முன்னே செல்வதாகத் தோன்றி நின்ற இடத்திலேயே நின்று, சில சமயம் பின்னோக்கி வருவதாகவும் பிரமை தந்த அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை ஈரமணலில் நின்றிருந்தேன்.

ஆனி 3

1994ஆம் ஆண்டு பன்னிரண்டு வயதுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்த செய்தி வந்தபோது, பத்திரிகைப் படத்தைக் கத்தரித்துத் தன் அறைக் கதவில் ஒட்டினாள் இவள். அந்தக் கோடை விடுமுறையில் கிராமத்துப் பம்புசெட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, என் தகப்பனார் இவளை இறக்கிவிட்டார். மூன்றாம் நாள் குடுக்கையை இவளே அவிழ்த்து எறிந்துவிட்டாள். அன்று தகப்பனார் அடைந்த பெருமிதம் எனக்கு நினைவிருக்கிறது. கிணற்றுக்கு அக்கரை உண்டு. நாலு கை போட்டால் எட்டிவிடும்.

ஆனி 12

என் மனைவி கட்சி மாறிவிட்டாள். தேகத்தில் சேமித்த மாவுச்சத்து சில மணி நேரத்துக்கே போதும், ஆகையால் சைக்கிளில் இருக்கும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம்வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், உப்பில்லாமல் வெறும் நீரை மட்டும் மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே அபாயம் என்றெல்லாம் மகள் சொன்னதுதான் தாமதம், அடுக்களையில் தராசு வந்து உட்கார்ந்துவிட்டது. பேரீச்சம்பழம் நிறுக்கப்படுகிறது. உருளைக்கிழங்கு உப்பிட்டு வேகவைத்துப் பொட்டலம் கட்டப்படுகிறது. கடையில் விற்கும் இனிப்புக் களியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு என் மோர் எவ்வளவோ தேவலை" என்று தீர்ப்பு வழங்கினாள். எனக்குத்தான் இந்த வீட்டில் உத்தியோகம் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை.

ஆனி 25

கூடத்து நடுவில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்தின் டியூப் மாற்றிப் பழகினாள். இருட்டில் பஞ்சரானால் என்ன செய்வது என்பதற்கான அப்பியாசமாம். பிளாஸ்டிக் நெம்புகோலால் டயரின் விளிம்பை ஓரிடத்தில் தூக்கிவிட்டு, உள்ளே விரலை விட்டு, முள்ளோ கம்பித்துண்டோ எஞ்சியிருக்கிறதா என்று வட்டம் முழுதும் தடவிப் பார்த்தாள். அதைச் செய்யாமல் புது டியூப்பைப் போட்டால் அதுவும் போய்விடுமாம். பின்சக்கரத்தைத் தொட்டாலே சங்கிலியின் கரி முழங்கைவரை ஏறிவிடுகிறது. கைகழுவப் போகும் வழியில் சுண்ணாம்புச் சுவரில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. தாயின் அர்ச்சனை வெகுநேரம் நடந்தது. மண்ணெண்ணெய்க்குக்கூட அந்தக் கரி முழுதாகப் போகவில்லை.

ஆடி 8

இன்று எனக்குக் கோபம். அதை இங்கே எழுதித் தீர்ப்பதே உசிதம்.

நானும் லங்காவிக்கு வருவதாக ஏற்பாடு. வழியில் எங்கேனும் நின்று ஒரு வாழைப்பழமோ ஒரு குவளை மோரோ கொடுப்பேன் என்று உத்தேசித்திருந்தேன். அது கூடாதாம். போட்டியாளர், அமைப்பினர் வைத்திருக்கும் பந்தலிலன்றி, காண வந்தவர் கையிலிருந்து யாதொன்றும் பெறக் கூடாது. உற்றார் கூடவே ஓடவும் கூடாது. அது வெளியுதவி எனப்படும், மீறினால் தண்டனை உண்டு. பெற்ற தகப்பன் எப்படி வெளியாளாவான்?

அவள் பதில் சொல்லாமல் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். 1982 பெப்ரவரியில் ஹவாயில் பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்னும் மாணவி, எல்லைக்குச் சில கஜ தூரத்தில் கால்கள் அறவே துவண்டு விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள். காத்லீன் மக்கார்ட்னி அவளைக் கடந்துபோய் 29 விநாடி வித்தியாசத்தில் ஜெயிக்கிறாள். விழுந்தவள் கைகளை ஊன்றித் தவழ்ந்தே எல்லைக்கோட்டைத் தொடுகிறாள். சுற்றிலும் அத்தனை ஜனங்கள்!

"ஒருத்தர்கூடத் தூக்கிவிடலையா?" என்றேன்.

"தூக்கிவிட்டா அது அவ முடிச்சதா ஆகாதுப்பா."

இது என்ன தர்மமோ எனக்குத் தெரியாது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன், பசித்ததால் பத்து மணிக்கு எழுந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஆடி 24

அவளுடைய வலது கால் பெருவிரல் நகம் கழன்றுவிட்டது. அவள் அதைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்ட அலட்சியம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணி 11

அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம்வரை சென்று திரும்பினால் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஆகும் என்பது கணக்கு. அச்சாலையில் பேருந்துகள் போகும் வேகத்தையும், இரவெல்லாம் விழித்து வண்டி ஓட்டி வருகிறவர்களின் கண்களையும் எண்ணி எனக்குண்டாகும் கிலேசத்துக்குப் பரிகாரமாக, தான் இருக்குமிடத்தை என் கைபேசியில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்துவைத்திருக்கிறாள். பரிகாரம் அன்று, புதிய பிணி. முட்டுக்காட்டுப் பாலம், கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று புள்ளி சென்றது. பத்திரிகை, குளியல், பூஜை எல்லாவற்றையும் அந்தப் புள்ளியின் அனுமதி பெற்றே செய்தேன். எட்டரைக்குத் திரும்பும் வழியில், வாயலூர்ப் பாலாற்றுப் பாலத்துக்குத் தெற்கே அது நின்றது.

நின்றது நின்றதுதான். இளநீர் குடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இளநீர் குடித்து முடிக்கும் நேரம் கடந்தது. பஞ்சர் என்று எண்ணிக்கொண்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டே எட்டு நிமிடத்தில் மாற்றுகிறவளுக்கு விழித்த கண்ணோடு அரை மணி ஆகுமா? அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. சட்டையை மாட்டிக்கொண்டேன். வாடகைக் காருக்கு யாரை அழைப்பது, கல்பாக்கத்தில் நமக்குத் தெரிந்தவர் யார் என்று மனம் பட்டியலிட்டது. "அஞ்சு நிமிஷம் பாருங்க" என்றாள் மனைவி. இதையே அவள் பலமுறை சொல்லும்படி ஆயிற்று. முக்கால் மணி கடந்த பிறகு புள்ளி சிறிது அசைந்து, வடக்கு நோக்கி நகர்ந்தது. நான் சட்டையைக் கழற்றவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் வந்து சேர்ந்தாள். "டியூப் போயிடுச்சுப்பா, மாத்திட்டு வந்தேன்" என்று சொல்லி, செம்பு மோரை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்தாள். வியர்வை உப்பு பூத்திருந்த அந்தக் கைகளில், விரலிடுக்கிலோ நகக்கண்ணிலோ, கரி என்பது ஒரு துளியும் இல்லை.

நான் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் மோர் வேணுமா?" என்றுதான் கேட்டேன்.

ஆவணி 12

கைகளைப் பற்றி மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவளும் பார்த்திருக்கிறாள் போலும். விசேஷம் ஒன்றும் இல்லாத நாளில் பாயசம் வைத்தாள்.

புரட்டாசி 7

நீண்ட சைக்கிள் பயணத்தை முடித்து இறங்கிய கணமே ஓடத் தொடங்கிப் பழகுகிறாள். இதற்குப் பிரிக் என்று பெயர். முதல் சில நிமிடங்களுக்குக் கால் தன்னுடையதாகவே இருப்பதில்லையாம். அவள் ஓடும் தெருவில் நானும் நடக்கிறேன், அவள் என்னை ஒவ்வொரு சுற்றிலும் கடக்கிறாள், பேசுவதில்லை.

ஜப்பானியரான ஹிரோமு இனாடாவைப் பற்றி இன்று படித்தேன். நோயுற்ற மனைவியைப் பேணுவதற்காக வேலையை விட்டவர், ஏறக்குறைய அறுபதில் நீச்சல் பழகி, எழுபதில் முதன்முதலாக நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி ஒன்றில் இறங்கி, 2018இல் ஹவாயில் 85 வயதில் 17 மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார். அமெரிக்கக் கன்னிகாஸ்திரீ மடோனா பூடர் 2012இல் கனடாவில் முடித்தபோது அவருக்கு 82. இவற்றை நான் மனைவியிடம் வாசித்துக் காட்டியதும், "உங்களுக்கும் பணம் கட்டிட்டாளா?" என்று பதறினாள்.

புரட்டாசி 23

குடும்பநல நீதிமன்றம். கூட வரச் சொன்னாள். வாசலில் வந்ததும், "நீங்க வெளியிலேயே இருங்கப்பா" என்றாள். மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். இவள் பெயர் வந்தபோது, நிமிர்ந்து பாராமல், கடலில் இறங்குமுன் செய்வதுபோலவே தோள்களை இருமுறை பின்னுக்குச் சுழற்றிவிட்டு உள்ளே போனாள். சில நிமிடங்களில் வெளியே வந்தாள். வாய்தா. அடுத்த தேதி லங்காவிப் பந்தயத்துக்கு முந்தின நாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றே: "உங்க பாஸ்போர்ட் எப்பப்பா வரும்?"

ஐப்பசி 2

கடல் மாறிவிட்டது. "வன்னி எடுத்திருச்சு, வாடையும் வந்திருச்சு. பாப்பாவை இனிமே எறக்காதீங்க" என்றார் குப்பத்துப் பெரியவர். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். எப்படியும் பயிற்சியைக் குறைக்கும் காலம் இதுவாம். பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்து தேகத்தை ஆறவிட வேண்டுமாம். மழை கொட்டுகிறது. மூவரும் வீட்டுக்குள் இருக்கிறோம், மூவருக்கும் எரிச்சல். சைக்கிளைப் பிரித்து அடைக்கும் பெட்டி கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சுவரில் உள்ள ஐந்து விரல்களை அழிக்கத் தீபாவளி வெள்ளையடிப்பும் இவ்வருஷம் இல்லையென்று ஆகிவிட்டது.

ஐப்பசி 5

என் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வாய்தாவைத் தள்ளிவைக்க மனுப்போட வேண்டுமா, அல்லது பந்தயத்தை விட்டுவிட உத்தேசமா என்று அறிந்துகொள்ள, வக்கீலிடம் நானே பேசிவிடலாம் என்று எண்ணித் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எதிரே உப்பு மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "வேண்டாம்ப்பா, நான் பேசிக்கிறேன்" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. மனைவி அடுக்களை வாசலில் நின்று, கேளுங்கள் என்று என்னிடம் ஜாடை காட்டினாள்.

சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.