சக்கரமில்லாத அடுப்பு

டெக்சாஸில் வந்து குடியேறுகிறவன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு ஸ்மோக்கர் வாங்கிவிடுகிறான். நான் 2018-இல் வாங்கினேன். படுக்கைவசத்தில் ஓர் இரும்புப் பீப்பாய், அதன் பக்கவாட்டில், சற்றே தாழ்வாக, கரி எரியும் பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி, அடியில் இரண்டு சக்கரங்கள். நெருப்பு இறைச்சியைத் தொடக் கூடாது. அதன் வெப்பமும் புகையும் மட்டுமே பீப்பாயின் வழியே கடந்து போகவேண்டும் என்பது இதன் ஏற்பாடு. பிரிஸ்கெட் என்று இவர்கள் சொல்லும் மாட்டின் நெஞ்சுக்கறியை 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்தால், தசைகளைப் பிணைத்திருக்கும் கெட்டி நார் கரைந்து ஜெலட்டினாகிவிடும். தொலைபேசியில் அம்மாவிடம் "கறி சமைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். எந்தக் கறி என்று அவள் கேட்கவில்லை.

நான் வாங்கியது மலிவான சரக்கு. மெல்லிய தகடு. மூடியின் விளிம்பெங்கும் புகை கசிந்தது. கரிப்பெட்டியின் பக்கம் கறி கருகியது. புகைபோக்கியின் பக்கம் வேகவே இல்லை. மூடியில் பதித்திருந்த வெப்பமானி ஒன்று சொல்ல, கறி இருக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் நான் வைத்த வேறொன்று முப்பது டிகிரி மாற்றிச் சொன்னது. முதல் பிரிஸ்கெட்டை நானும் மனைவியும் மௌனமாகத் தின்று முடித்தோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் உள்ளே வந்து மூடியைத் தட்டிப் பார்த்தார். "நீ கரியைக் கவனிக்கிறாய், காற்றைக் கவனி" என்றார். அதை நான் அவரிடமிருந்து கற்றிருக்கவேண்டியதில்லை. சிறு வயதில் எங்கள் வீட்டில் குமுட்டி அடுப்பு இருந்தது. அதன் கீழ்வாயை ஓட்டுத்துண்டால் பாதி மறைத்து, அம்மா தணலை மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பாள். ஐம்பது வயதில் வெப்பமானி வாங்கித்தான் அது எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்பைத் திருத்தினோம். விறகடுப்புக் கதவுகளுக்கு வைக்கும் கண்ணாடியிழைக் கயிற்றை மூடியின் விளிம்பில் ஒட்டினோம். பெட்டியும் பீப்பாயும் சேரும் இடத்தின் வெளிப்புறத்தை வெப்பம் தாங்கும் சிலிக்கோனால் அடைத்தோம். துளைகளிட்ட ஓர் இரும்புத் தகட்டைப் பீப்பாயினுள் கிடத்தியதும் இரு கோடிகளின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாயிற்று. புகைபோக்கியை உள்ளே கம்பித்தட்டின் மட்டம்வரை நீட்டினோம். கரிக்கு ஒரு வலைக்கூடை செய்தோம். சாம்பல் கீழே உதிர்ந்துவிட, காற்று அடியிலிருந்து ஏறிற்று. கூடைக்கு நான் துத்தநாகம் பூசிய தகடு வாங்கி வந்திருந்தேன். பெரியவர் அதை வாங்கித் தூர வைத்தார். சூடேறினால் துத்தநாகம் ஆவியாகும். அதைச் சுவாசித்துக் காய்ச்சலில் படுத்த வெல்டர்களை அவர் பார்த்திருக்கிறார். புகைபோக்கியை எப்போதும் முழுக்கத் திறந்து வைத்து, உள்வரும் காற்றை மட்டுமே குறைக்கவேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். புகை தங்கினால் கறி கசக்கும்.

ஒரு கூடைக் கரி பத்து மணி நேரம் எரிந்தது, கண்ணுக்குப் புகையே தெரியாமல். எனக்குக் கர்வம் வந்துவிட்டது.

2021 பிப்ரவரி 15 அதிகாலையில், டெக்சாஸின் பெரும்பகுதியோடு எங்கள் வீட்டிலும் மின்சாரம் போயிற்று. வெளியே உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிய குளிர். இங்குள்ள வீடுகள் வெயிலை எண்ணிக் கட்டப்பட்டவை. மாலைக்குள் நாங்கள் மூவரும் கம்பளிகளுக்குள் சுருண்டுவிட்டோம். ஸ்மோக்கரைக் கொல்லையிலிருந்து உருட்டி வந்து, வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் நிறுத்தினேன். தெருப்பக்கத்துப் பெரிய கதவைக் கையால் தூக்கி ஓர் அடி திறந்து வைத்தேன். சமையலறைக்குப் போகும் கதவையும் திறந்து வைத்தேன், சூடு உள்ளே வரட்டும் என்று. கரி நன்கு கனிந்து புகை நின்ற பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன். புகை இல்லாத இடத்தில் நஞ்சும் இல்லை என்று நினைத்தேன். கனிந்த தணலிலிருந்துதான் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வருகிறது. காற்றைக் குறைக்கக் குறைக்க அதன் பங்கு கூடும். ஒரு குளிர்காலம் முழுக்க நான் பயின்றதோ காற்றைக் குறைப்பது.

மாடி நடையில் எச்சரிக்கைக் கருவி கூவியது. நான்கு முறை கூவி நிற்கும், மீண்டும் நான்கு. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி, அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். மின்கலம் தீர்ந்தால் ஒரு முறைதான் கூவும், அதுவும் இடைவெளிவிட்டு என்பதைப் பின்னால் படித்தேன். மனைவி தலை வலிக்கிறது என்றாள். குளிர்தான் என்றேன். எனக்கும் வலித்தது.

மகள் வாந்தியெடுத்தாள். எட்டு வயது. நிமிர்ந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்தவளைத் தூக்கிக்கொண்டு முதலில் வாசலுக்கு ஓடியவள் மனைவிதான். அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கு இன்னும் புரியவில்லை. நான் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வெகு நேரங்கழித்துத் தீயணைப்பு வண்டி வந்தது. கையடக்கக் கருவியோடு உள்ளே போய்த் திரும்பிய இளைஞன் என்னைத் திட்டவில்லை. அன்று இது தனக்கு எத்தனையாவது வீடு என்று மட்டும் சொன்னான். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். மகளின் முகத்தில் ஆக்சிஜன் கவசம் வைத்திருந்தார்கள். அதன் உட்புறம் அவள் மூச்சில் மங்குவதையும் தெளிவதையும் எண்ணிக்கொண்டே மருத்துவமனைவரை போனேன். இரண்டாம் நாள் அவள் பசிக்கிறது என்றாள்.

ஏப்ரலில் பெரியவரைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது என்றேன். காரணம் கேட்காமல் அறுக்கும் கருவியை எடுத்து வந்தார். சக்கரங்களை அச்சோடு அறுத்தெடுத்தோம். சுவர், வேலி இரண்டிலிருந்தும் தள்ளி, கொல்லையின் நடுவே சிமெண்டுத் தளம் போட்டு, கால்களை அதில் பதித்தோம்.

சென்ற மாதம் நண்பர்கள் வந்திருந்தபோது, பிரிஸ்கெட் பாதி வெந்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. "கொட்டகைக்குள் தள்ளிவிடலாமே" என்றார் ஒருவர். தள்ள வராது என்றேன். மகள் உள்ளே போய் இரண்டு குடைகள் கொண்டுவந்தாள்.