கல்முனைச் சாலையோரப் பட்டறைகள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயல்வெளியும். பெரியநீலாவணையைக் கடந்ததும் நெசவுக்குப் பெயர்போன மருதமுனை. அப்பால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் ஓர் ஊர் முடிவதும் மற்றோர் ஊர் தொடங்குவதும் புதியவர் கண்ணுக்குப் புலப்படா.

புகைவண்டிப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத இச்சமதரையைத் துவிச்சக்கர வண்டி எளிதில் ஆட்கொண்டதில் வியப்பில்லை. இன்று மோட்டார் சைக்கிள்கள் பெருகியிருப்பினும், மீன்பெட்டியும் விறகுக்கட்டும் சுமந்து செல்லும் பழைய வண்டிகள் ஓய்ந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளெல்லாம் நாடெங்கும் மீண்டும் சாலைக்கு வந்தன. புதிய உதிரிப்பாகங்கள் எட்டாத விலையில் இருந்த அக்காலத்தில் கைகொடுத்தவை சாலையோரப் பட்டறைகளே.

அத்தகைய பட்டறையொன்றில் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். பட்டறைக்காரர் அறுபது கடந்த முஸ்லிம் பெரியவர். யாவருக்கும் அவர் ‘காக்கா’. மீன் வியாபாரி ஒருவருக்காக உருக்குக் கம்பியை வளைத்துக் கரியர் ஒன்று செய்துகொண்டிருந்தார்.

பொருத்தும் இடங்களை அரத்தால் பளபளவென்று துலக்கி, வெண்காரம் இட்டு, தீச்சுவாலையில் சிவக்கக் காய்ச்சிப் பித்தளையை உருக்கி ஓடவிட்டார். பித்தளை ஏறக்குறைய 900 பாகையில் உருகும். உருக்கு உருக 1,400 பாகைக்கு மேல் வேண்டும். ஆதலால் கம்பி உருகாமலே, பித்தளை இடுக்குக்குள் பாய்ந்து இரண்டையும் பிணைக்கிறது. அழுக்கிருந்தால் பித்தளை மேலோடு நின்றுவிடும். சூடு மிஞ்சினால் உருக்கின் வலிமை கெடும். காய்ச்சியதைத் தண்ணீரில் அமிழ்த்தாமல் தானே ஆறவிட்டார்; திடீரெனச் சுருங்கினால் ஒட்டில் கீறல் விழும் என்பது அவர் அனுபவம்.

அதன் பின்னரே சோதனை தொடங்கியது. முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசை கேட்டார். நல்ல ஒட்டு கணீரென ஒலிக்கும், கீறியது மங்கி ஒலிக்கும். அடுத்து மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசினார். கீறல் இருப்பின் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, தூளில் ஈரக்கோடாகத் தெரியும். இறுதியாக, கரியரின் உயரத்தை நூலால் அளந்து வைத்துவிட்டு, வியாபாரி ஏற்றும் பாரத்தினும் கூடுதலான மணல் மூட்டையை அதில் ஏற்றினார். மூட்டையை இறக்கியபின் கரியர் பழைய உயரத்துக்கே மீண்டது. ஆயினும் அவர் அமையவில்லை. மூட்டையை மறுபடி ஏற்றி, பள்ளம் நிறைந்த ஒழுங்கையில் வண்டியை ஓட்டிவரப் பையனை அனுப்பினார்.

“ஒருக்கா ஏத்திப் பாத்தது போதாதா, காக்கா?” என்றேன்.

“மூட்ட சும்மா கிடக்கும் சேர். றோட்டுப் பள்ளம் சும்மா விடுமா?” என்றார்.

அவ்வொரு வாக்கியத்தில் பொறியியலின் பெரும்பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரே பாரத்தால் முறியாத உருக்கு, சிறு அதிர்ச்சிகள் ஆயிரமாயிரம் முறை தாக்கும்போது களைத்து முறியும். ஜெர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ற் வோலர் 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டி அச்சுகளை ஆராய்ந்து இதனைத் தெளிவாக்கினார். இன்று துவிச்சக்கர வண்டிகளுக்கான 4210ஆம் இலக்கச் சர்வதேச நியமப்படி, நகரப் பாவனை வண்டியின் சட்டத்தின்மீது 22.5 கிலோ எடையை 180 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிடுகிறார்கள்; மிதிவிசையை 100,000 முறை கொடுத்தும் சோதிக்கிறார்கள். இத்தகைய இயந்திரம் பட்டறையில் ஏது? ஆதலால் அங்கே துணையாவது கைத்திறன் மட்டுமன்று. எதைச் செய்யலாகாது என்னும் அறிவுமாகும்.

அதனையும் அன்று கண்டேன். இளைஞனொருவன் முன்சில்லைத் தாங்கும் போக் கீறிய வண்டியோடு வந்தான். தாயை நாள்தோறும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி. கையில் காசு குறைவு. “ஒரு ஒட்டுப் போட்டுத் தாங்க காக்கா” என்று மன்றாடினான்.

பெரியவர் தலையசைத்து மறுத்தார். “கரியர் முறிஞ்சா மீன் விழும், தம்பி. போக் முறிஞ்சா உம்மாதான் விழுவா.”

இளைஞன் முகம் வாடிற்று. பெரியவர் உள்ளே சென்று, பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய போக் ஒன்றைக் கொணர்ந்தார். அதையும் தட்டி, எண்ணெயும் வெண்கட்டியும் பூசிப் பார்த்த பின்னரே பூட்டினார். “காச வெள்ளாம வெட்டின புறகு தா” என்று சொல்லி அனுப்பினார்.

வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் வாரம் ஒருமுறையேனும் போக்கின் மேல்முனையையும் சட்டத்தின் மூட்டுகளையும் துடைத்துப் பார்த்தல் நன்று. வண்ணத்தில் மயிரிழை போன்ற வெடிப்போ மெல்லிய துருக்கோடோ தென்பட்டால், வண்டியை உருட்டிக்கொண்டே பட்டறைக்குச் செல்லுங்கள். இயலும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரைவிட, இயலாது என்று சொல்லத் துணிபவரே நம்பத்தக்க தொழிலாளி. அத்தகையோர் கல்முனைச் சாலையோரத்தில் இருக்கிறார்கள்.