கரண்ட் வைக்கிற பொண்ணு

குத்தம்பாக்கத்தில் என் சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 'கரண்ட் வைக்கிற பொண்ணு' என்று கேட்டால் யாரும் என் வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். வலிக்கு வைக்கிற ஐ.எஃப்.டி. மெஷினை ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு திருமழிசை, நேமம், வெள்ளவேடு என்று வீடு வீடாகப் போன பிசியோதெரபிஸ்டுக்கு ஊர் வைத்த பெயர். இன்று நான் சென்னையில் ஓர் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டென்ட். நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனாலும் அந்தப் பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்றிருக்கிறது.

பிசியோதெரபியை விட்டுப் போன காரணத்தை மறைக்க ஒன்றுமில்லை. பணம்தான். நான் படித்தபோது பிசியோதெரபிக்கான பி.பி.டி. நாலு வருடப் படிப்பு, அதற்கு மேல் ஆறு மாத இன்டர்ன்ஷிப். முடித்துவிட்டு கிளினிக்கில் சேர்ந்தால் கைக்கு வருவது பெட்ரோலுக்கும் மெஷின் தவணைக்கும் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குப் பணம் கேட்கவோ நாக்கு எழாது. மாத்திரைக்கே கடன் வாங்கியிருக்கிற வீட்டில் எப்படிக் கேட்பது? தம்பி படிப்பு, அப்பாவின் சர்க்கரை என்று செலவு ஏறியபோது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்து மறுபடியும் முதல் வருடத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா, ஆஸ்பத்திரி வேலைதானே" என்பார் அப்பா. 2021-ல் வந்த சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலிலும் இரண்டும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பிறந்த கதை வேறு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டாக்டர் யூஜீன் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்துவந்த நான்கு பேரை வைத்துத் தொடங்கியது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. டாக்டர்கள் போதாத இடத்தில் அவர்களுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு அது வந்த இடம் நம் மேற்குச் சென்னைதான். 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் பைபாஸ் செய்த டாக்டர் கே.எம். செரியன், 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதை ஆரம்பித்தார். பட்டம் கொடுத்தது பிலானி பிட்ஸ். 2025 ஜனவரியில் அவர் காலமான செய்தி வந்த அன்று, நான் சாப்பிடும் சோற்றில் அவர் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, இந்த வேலை மேல் எனக்குக் குறையில்லை. ஏக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் ஊர் சமத்துவபுரத்தில் வீடுகள் இரட்டை இரட்டையாக இருக்கும். நடுவில் ஒரே சுவர்; இந்தப் பக்கம் ஒரு சாதிக் குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு சாதிக் குடும்பம். அதில் ஒரு வீட்டில் ஒரு மேஸ்திரி தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடக்கும். முதலில் கட்டைவிரலை மெல்ல வெளியே எடுக்க வேண்டும், பிறகு மணிக்கட்டு, அப்புறம்தான் மற்ற விரல்கள். அவசரப்பட்டு இழுத்தால் கை இன்னும் இறுகும். விரித்த கையைக் கட்டிலில் ஊன்றவைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்க்கச் சொல்வேன். முன்கையில் தட்டித் தட்டி, "தூக்கு தாத்தா, தூக்கு" என்பேன். ஒன்றும் தூக்காது. "இன்னா பாப்பா, இன்னிக்காவது ஆடுமா?" என்று அவர்தான் என்னைக் கேட்பார்.

பாட்டிக்கு எண்ணிக்கை நிற்காது. பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவார். "பத்து ஆச்சு, இன்னும் அஞ்சு இருக்குது, ஏமாத்தாதே" என்று சத்தம் வரும். வாரக்கணக்கில் இப்படிப் போனது. ஒருநாள் நான் தட்டுவதை நிறுத்திவிட்டு மெஷின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் தானாக, நெல்மணி அளவுக்கு நிமிர்ந்தது. தாத்தா அதைப் பார்க்கவில்லை, பாட்டிதான் பார்த்தார். அடுத்த வாரம் தாத்தாவுடைய பழைய சாந்துக் கரண்டியைத் தேடி எடுத்துவந்து கையில் கொடுத்தோம். பிடித்தார், விழுந்தது. மறுபடியும் பிடித்தார்.

இப்போது என் கைக்கு வேறு திறமை வந்திருக்கிறது. பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுக்கிறேன். கிளைகளைக் கட்டி, துளி ஓட்டை இல்லாமல் எடுத்துக் கொடுத்தால் சர்ஜன் தலையசைப்பார். காலையில் ரவுண்ட்ஸ், கேஸ் ஷீட், மருந்துக் குறிப்பு, சாயங்காலம் டிஸ்சார்ஜ் சம்மரி. நோயாளியை அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் பார்க்கிறேன். ஒரு வாரம் பத்து நாளில் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். நான் கீறிய அந்தக் கால் வீங்கியதா, மாடிப்படி ஏறியதா, வயலுக்குப் போனதா, எனக்குத் தெரிய வழியில்லை.

வார்டில் காலை வேளையில் பிசியோ பெண் வருவாள். நெஞ்சு எலும்பில் கம்பி போட்டுக் கட்டியிருக்கும், நோயாளிகள் இருமவே பயப்படுவார்கள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லித் தருவாள். மூன்று பந்து வைத்த கருவியில் மூச்சை இழுக்கவைத்து, "ரெண்டாவது பந்து ஏறிடுச்சு பாருங்க ஐயா" என்பாள். நான் கட்டிலின் மறுபக்கம் ஃபைலோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நிற்கிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும் போலிருக்கும்.

எங்கள் ஊர் இளங்கோ, சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டுக் குத்தம்பாக்கத்துக்கே திரும்பி வந்து 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரானவர். சின்ன வயதில் வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தது அந்தக் கதை. நான் எதிர்த் திசையில் போனேன். இப்போது ஊருக்குள் வரும்போது பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் புதிய பேருந்து நிலையக் கட்டடம் எழுந்து நிற்கிறது. லாரி, கம்பெனி பஸ், விபத்து எல்லாம் கூடியிருக்கிறது. எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, மடங்காத முட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னைவிட அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அவர்களுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. தேவைப்படுவது தினமும் வந்து முட்டியை மடக்கிவிடுகிற ஓர் ஆள்.

அந்த ஆளுக்கு நியாயமான சம்பளம் கிடைக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். என்னோடு படித்தவர்களில் பலரும் இதையேதான் சொல்வார்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அதற்கு இன்னும் நிறையப் பேரைப் போட வேண்டும், நிரந்தரமாகப் போட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்ட்ரோக் வந்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆனதோடு சிகிச்சை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். கை கால் வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதத்தில்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தத் திட்டத்தில் பெயர் கொடுங்கள். காசு கிடையாது.