ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு

சென்னை ரிச்சி தெருவில் இன்று கைப்பேசி உறைகளும் சிசிடிவி கேமராக்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அங்கே தேடிப்போன சரக்கே வேறு. யூஎல்என் 2003, எம்சிடி2ஈ, 12 வோல்ட் ரிலே, 25 பின் கனெக்டர். துண்டுச்சீட்டை நீட்டியதுமே கடைக்காரர், "ப்ராஜெக்டா தம்பி?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கை அதற்குள் டப்பாவைத் துழாவிக்கொண்டிருக்கும்.

எல்லாம் கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டருக்கென்று இருந்த அந்தப் போர்ட்டுக்காகத்தான். 2 முதல் 9 வரையுள்ள எட்டுப் பின்களும் எங்கள் வசம். டர்போ சியில் ஒரே வரி போதும். ஹெக்ஸ் 378 என்ற முகவரிக்கு 1 அனுப்பினால் 2ஆம் பின்னில் மின்னழுத்தம் ஏறும். 128 அனுப்பினால் 9ஆம் பின்னில். 255 அனுப்பினால் எட்டு எல்ஈடியும் ஒருசேர எரியும். வகுப்பில் தூக்கம் வரவழைத்த பைனரி, மேசைமேல் சிவப்பாக எரிந்தது.

அடுத்து மோட்டார். பழைய ஃபிளாப்பி டிரைவைப் பிரித்தால் உள்ளே ஸ்டெப்பர் மோட்டார் கிடைக்கும். போர்ட்டின் சொற்ப மின்னோட்டம் அதற்குப் போதாது. நடுவே யூஎல்என் 2003 வேண்டும். 1, 2, 4, 8 என்று வரிசையாக அனுப்பினால் அடி அடியாகச் சுற்றும். 8, 4, 2, 1 என்றால் வந்த வழியே திரும்பும். அட்டைத் துண்டை அதன் தண்டில் ஒட்டி, அது திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்த மாலைகள் உண்டு.

வீட்டு மின்சாரத்துக்குப் போகும்போது மட்டும் கை நடுங்கும். ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் 230. கம்ப்யூட்டரோ அப்பா கடன் வாங்கி வாங்கியது. அதனால்தான் எம்சிடி2ஈ. அதற்குள் மின்சாரம் தாண்டாது, வெளிச்சம் மட்டுமே தாண்டும். அதன் மறுகரையில் டிரான்சிஸ்டர், ரிலே, கடைசியில் ஒரு ஜீரோ வாட் பல்பு. விசையைத் தட்டினால் ரிலே 'டிக்' என்னும், பல்பு எரியும். "சுவிட்ச் கைக்கு எட்டுற தூரத்துலதானேடா இருக்கு?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

விண்டோஸ் 98 எழும்போது இன்னொரு கூத்து. பிரிண்டர் இருக்கிறதா என்று அது போர்ட்டைத் தட்டிப் பார்க்க, ரிலேக்கள் தாமாகவே படபடக்கும். திரை முழுதாக வந்த பிறகுதான் பிளக்கைச் சொருகுவோம்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தபின், சாதாரண நிரல் எதுவும் போர்ட்டை நேரே தொட முடியாமல் போனது. இடையில் ஒரு டிரைவர் தேவைப்பட்டது. பிறகு மடிக்கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ, இந்த விளையாட்டைத் தனிப் பலகைக்கு மாற்றியது. பிள்ளைகளுக்கு அது எளிது, கம்ப்யூட்டருக்கும் பத்திரம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்று விசைக்கும் விளக்குக்கும் இடையிலான வழி முழுவதும் எனக்கு மனப்பாடம். விளக்கு எரியாவிட்டால் மல்டிமீட்டரோடு பின்னுக்குப் பின் நடந்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது கைப்பேசியில் தொட்டால், கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி அடுத்த அறை விளக்கை ஏற்றுகிறது. அது எரியாத நாளில், ரவுட்டரை அணைத்துப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.